கொப்பி மூலையிற் பறந்த காகம்

வைரவிழா மலரொன்றைக் கையில் எடுப்போர் முதலில் தேடுவது தத்தம் காலத்து நிழற்படங்களையே. துடுப்பாட்ட அணியினர் வரிசையாக நிற்பர். நாவன்மைப் போட்டியில் வென்றோர் கேடயத்தை நடுவே வைத்து அமர்ந்திருப்பர். பல்கலைக்கழகம் புக்கோரின் பெயர்ப்பட்டியல் பக்கங்களை நிறைக்கும். இவை யாவும் வேண்டுவனவே. கல்லூரி அன்னையின் அணிகலன்கள் இவை. ஆயினும், எந்த அணியிலும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத மாணாக்கன் ஒருவனைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றோம். அவன் பெயரைக் குறிப்பிடோம். அதனை அவனும் விரும்பான். அவனுக்கு யாம் இழைத்த தவறொன்றையும், அவனிடம் யாம் கற்ற பாடமொன்றையும், அவற்றிலிருந்து எழுந்த வேண்டுகோள் ஒன்றையும் பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைப்பதே எம் நோக்கம்.

2016ஆம் ஆண்டு ஒருநாள், ஒன்பதாம் தர வகுப்பிற் புணர்ச்சி விதிகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிற் சரசரவென்று ஓர் ஓசை எழுந்தது. திரும்பினோம். சிறுவனொருவன் தன் தமிழ் அப்பியாசக் கொப்பியின் தாள்களைப் பெருவிரலால் மடக்கி விரைவாக நழுவ விட்டுக்கொண்டிருந்தான். அருகிருந்த மூவர் வாய் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கொப்பியைப் பறித்துப் பார்த்தோம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு காகம் கீறப்பட்டிருந்தது. "தமிழ்க் கொப்பி காகம் கீறுறதுக்கோ?" என்று கடிந்து, அதனை எமது மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டினோம். தந்தையாரையும் அழைத்துச் சொன்னோம். ஆசிரியர் கடமையைச் செய்துவிட்ட மனநிறைவு அன்று எமக்கிருந்தது. அதன்பின் இரண்டாண்டுகளுக்கு மேலாக அச்சிறுவன் ஒரு கோடுகூடக் கீறவில்லை என்பதைக் காலங் கடந்தே அறிந்தோம்.

2019இல் அவன் உயர்தர வகுப்பிற் சேர்ந்திருந்தான். தமிழ்த்தின விழாவுக்கு மூன்று மாதம் இருக்கையில், ஒரு பின்னேரம் நண்பர் மூவருடன் எம்மிடம் வந்தான். "சேர், பழைய புவியியல் அறைத் திறப்பைத் தருவீங்களோ? ஒரு படம் செய்யப் போறம்" என்றான். என்ன படம் என்று கேட்டோம். "அசைவூட்டப் படம், சேர். இரண்டு நிமிசம்தான்." இரண்டு நிமிடத்துக்கு மூன்று மாதமா என்று வியந்தோமாயினும் திறப்பைக் கொடுத்தோம். பழைய தவறு நினைவிருந்ததாற் கொடுத்தோம் என்று எழுதினால் எமக்குப் பெருமையாக இருக்கும். உண்மை அஃதன்று. அதனை யாம் மறந்தே போயிருந்தோம்.

இக்கலையின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுதல் வேண்டும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசையாத படமே. முன்னையதினும் சிறிதே வேறுபட்ட படம் அடுத்தடுத்து விரைந்து வரும்போது, நம் கண்ணும் மனமும் அவற்றை இணைத்து ஓர் அசைவாகக் கொள்கின்றன. உயிருள்ளவரைப் படம் பிடிக்குங்கால் இவ்வேறுபாடு தானாக அமையும். அசைவூட்டப் படத்திலோ ஒவ்வொரு வேறுபாட்டையும் கலைஞன் தன் கையாலேயே ஆக்குதல் வேண்டும். ஒரு படத்தை இருமுறை காட்டினால் விநாடிக்கு 12 படங்கள் போதும். எம் மாணவரின் படம் 2 நிமிடமும் 10 விநாடியும் ஓடுவது. கணக்கிட்டால் 1,560 படங்கள். பாடவேளை முடிந்தபின் வாரத்தில் மூன்று பின்னேரமாகப் பதினொரு வாரம் அவர்கள் உழைத்தனர்.

முதலில் யாவற்றையும் தாளிற் கீறவே முயன்றனர். ஒரு வாரத்திற் கை ஓய்ந்தது. அப்போதுதான் அவன் முன்னோரைக் கற்கத் தலைப்பட்டான். பிரான்சு நாட்டு எமீல் கோல் என்பார் 1908இல் ஆக்கிய படத்தைத் தேடிப் பார்த்தான். ஏறத்தாழ 700 கோட்டுப் படங்களால் ஆகிய அது இரண்டு நிமிடமும் ஓடாது. வெள்ளைத் தாளிற் கருமையாற் கீறியவற்றை மறுதலையாக அச்சிட்டமையால், கரும்பலகையில் வெண்கட்டி தானே ஓடி விளையாடுவதுபோலத் தோன்றும். இருபதாண்டு வெண்கட்டி பிடித்த எமக்கே அது புதுமையாயிருந்தது.

அடுத்து, ஜேர்மனியிற் பிறந்த லொற்றே ரைனிகர் அம்மையாரின் படங்களைக் கண்டான். அவர் கருநிற அட்டையில் உருவங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுக்களைக் கம்பியாற் பிணைத்து, கண்ணாடிமேற் கிடத்தி, கீழிருந்து ஒளி பாய்ச்சி, மேலிருந்து படம் பிடித்தவர். இளவரசர் அக்மத்தின் கதையை இவ்வாறு மூன்றாண்டு உழைத்து 1926இல் முழுநீளப் படமாக வெளியிட்டார். தோற்பாவைக் கூத்தை அறிந்த நம்மவர்க்கு இம்முறை அந்நியமானதன்று. அதனைக் கண்ட மாணவர் பழைய மேசைக் கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்தனர். கீழே மின்குமிழ் வைத்தனர். ஆய்வுகூடத்து இரும்புத் தாங்கியிற் கைத்தொலைபேசியைக் கட்டினர். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. செலவென்று சொல்ல அட்டையும் கம்பியுமே.

மூன்றாம் வாரத்தில் ஓர் இடையூறு. எடுத்த 200 படங்களை ஓடவிட்டுப் பார்த்தபோது திரை முழுதும் மின்மினிபோல விட்டுவிட்டு ஒளிர்ந்தது. யன்னல் வழியே வந்த பகலொளி முகில் கடக்குந்தோறும் மாறியிருக்கின்றது. கைத்தொலைபேசியும் ஒளிக்கேற்பத் தன் பார்வையைத் தானே மாற்றியிருக்கின்றது. ஏறக்குறைய 17 விநாடிக்குரிய உழைப்பு வீணாயிற்று. ஒருவன் அழுதேவிட்டான். மறுநாட் சென்று பார்த்தோம். யன்னல்களிற் சாக்குகள் தொங்கின. தொலைபேசியின் தன்னியக்கம் நிறுத்தப்பட்டிருந்தது. முதலாவது படத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தனர். பிழைத்த கட்டுரையைத் திருப்பி எழுதும்படி எத்தனையோ முறை மாணவரைப் பணித்துள்ளோம். ஒருவராவது இவ்வாறு முகஞ்சுளிக்காது எழுதியதை யாம் கண்டிலோம்.

கதை எளியது. ஒரு பாட்டி நாடோறும் தான் உண்ணுமுன் காகத்துக்குச் சோறு வைக்கின்றாள். ஒருநாள் காகம் வரவில்லை. அவள் உண்ணாமற் காத்திருக்கின்றாள். பேரன் பசியாற் சினக்கின்றான். கடைசிக் காட்சியிற் பாட்டியில்லை. பேரன் வேலியருகிற் சோற்றுடன் நிற்க, காகம் வந்திறங்குகின்றது. படத்திற் பேச்சில்லை. இதற்காக அவன் ஒவ்வொரு காலையும் காகத்தைப் பார்த்திருக்கின்றான். காகம் எழுந்து பறக்குமுன் உடலைத் தாழ்த்திக் கால்களை மடக்கும். அசைவுக்கு முன் வரும் அசைவு அது. டிஸ்னி கலையகத்து மூத்த கலைஞர்களான பிராங்க் தோமசும் ஒலி ஜோன்ஸ்ரனும் 1981இல் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்த பன்னிரண்டு நெறிகளுள் இஃதும் ஒன்று. நூலிற் படித்ததை அவன் வேலியிற் சரிபார்த்தான். நாற்பதாண்டு காகங்களிடையே வாழ்ந்த யாம் அதனை ஒருநாளும் கவனித்ததில்லை.

தமிழாசிரியர் இதிற் புகுவானேன் என்று சிலர் வினவக்கூடும். எம் விடை இது. ஒருநாள் அவன் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிக் காலத்தை அளந்துகொண்டிருந்தான். பாட்டி தலைநிமிர எத்தனை படம், கை தாழ எத்தனை படம் என்று எண்ணினான். எமக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். எழுத்தொலியின் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகக் கொண்டவர் அவர். அவ்விதியை ஆண்டுதோறும் மனனம் செய்வித்தோம். அளந்து பார்க்கும் மாணவனை அன்றுதான் கண்டோம். மெய்ப்பாட்டியலும் அவ்வாறே. உள்ளத்து உணர்வு உடலிற் புலப்படும் வகையை எட்டாக வகுத்த இயல் அது. அட்டையில் வெட்டிய கரிய உருவத்துக்குக் கண்ணுமில்லை, வாயுமில்லை. பாட்டியின் ஏக்கத்தை எங்ஙனம் காட்டுவது? கழுத்தின் சாய்விலும் சோற்றுத் தட்டிலிருந்து மெல்ல விலகும் விரல்களிலும் காட்டினான். பரீட்சைக்காக எட்டையும் ஒப்புவிப்பவன் அறிந்ததினும் மிகுதியாக அவன் அறிந்துவிட்டான் என்றே கருதுகின்றோம்.

இதனையொத்த செய்தி ஒன்று இங்கிலாந்திலும் உண்டு. நிக் பார்க் என்னும் மாணவர் 1982இல் திரைப்படப் பள்ளியிற் பயிலுங்கால், களிமண் உருவங்களைக் கொண்டு 'ஏ கிராண்ட் டே அவுட்' என்னும் படத்தைத் தொடங்கினார். பாலாடைக்கட்டி தீர்ந்துபோகவே வொலஸ் என்பவனும் அவன் நாய் குரோமிற்றும் சந்திரனுக்குச் செல்லும் கதை. நாய்க்கு வாயும் பேச்சும் வைக்கவே முதலில் எண்ணினார். செய்யத் தொடங்கியபின், புருவத்தை அசைத்தாலே உள்ளக்கருத்து முழுதும் விளங்குவதைக் கண்டு வாயை விட்டுவிட்டார். 23 நிமிடப் படம் 1989இலேயே நிறைவெய்தியது. மாணவராகத் தொடங்கியவர் முப்பது வயதில் முடித்தார். அதனை அவர் இடையிற் கைவிட்டிருப்பின் உலகம் அந்த நாயை அறிந்திராது.

இனி, எதிர்ப்பக்கத்தையும் கூறுதல் நேர்மை. எம் மாணவன் 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றி வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. "படம் செய்யத் திறப்புக் குடுத்த வாத்தியார்" என்று எம்மைச் சுட்டியோர் உளர். அப்பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே நடந்தது என்பதும், இடையில் நோய்ப்பரம்பலாற் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன என்பதும் அவர்களுக்கு நினைவில்லை. பதினொரு வாரப் படமே நினைவிருந்தது. எனினும் அவன் தாயார் வந்து, "நீங்களாவது மறிச்சிருக்கலாமே, சேர்" என்றபோது எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. இன்று அவன் கொழும்பிற் சிறு தொழிலகமொன்றில் அசைவூட்டப் பணி செய்கின்றான். பெரிய ஊதியமன்று. இக்கலை பயின்றோர் அனைவரும் செல்வராவர் என்று யாம் வாதிடப் போவதில்லை. அந்தப் பதினொரு வாரத்தில் அவனும் நண்பரும் பெற்றது கல்வியா அன்றா என்பதே எம் வினா. கல்வியே என்பது எம் துணிபு.

வேறொரு வாதமும் இந்நாளிற் கேட்கின்றது. சில சொற்களைக் கொடுத்தாற் செயற்கை நுண்ணறிவுப் பொறி நொடிப்பொழுதிற் படத்தை அசைத்துத் தருமே, மாணவர் 1,560 முறை அட்டையை நகர்த்துவானேன் என்பது அது. பொறி தருவது படம். காகத்தின் கால் மடிவதைக் காணும் கண்ணை அது தாராது. கணிப்பொறி வந்தபின்னரும் நாம் வாய்பாட்டைக் கைவிடவில்லை. கைத்தொலைபேசியைப் பறிமுதல் செய்யும் அறிவித்தல் நம் சுவர்களில் உண்டு. அதனைக்கொண்டு ஒன்றை ஆக்கக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றுதானும் இல்லை.

எனவே எம் வேண்டுகோள் இது. வைரவிழா நிதியில் நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்பச் சங்கத்தார் எண்ணியுள்ளதாக அறிகின்றோம். நன்று, எழுப்புக. அதில் ஓர் அடி உயரத்தைக் குறைத்தாலும் வளைவு வளைவாகவே நிற்கும். மிஞ்சுவதைக்கொண்டு பழைய புவியியல் அறையைத் திருத்தி, கண்ணாடி மேசை ஒன்று, நிலையான தாங்கி ஒன்று, மங்காத விளக்கிரண்டு, கணினி ஒன்று அமைத்துத் தருக. வாரத்தில் இரண்டு பின்னேரம் அவ்வறை திறந்திருக்கட்டும். அயல்நாடுகளில் இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் உளராயின் விடுமுறைக்கு வருங்காற் பொன்னாடையை ஏற்பதோடு ஒரு மணிநேரம் அவ்வறையிலும் அமர்க. உயர்தர மாணவருக்கு ஒரு தவணை என்ற வரையறை வேண்டும். அந்தத் தாயாரின் சொல்லை யாம் மறந்தோமில்லை.

தமிழ்த்தின விழாவன்று படம் முடிந்ததும் மண்டபம் சிறிதுநேரம் அமைதியாயிருந்து பின்னரே கைதட்டிற்று. அன்றிரவுதான் எமக்கு இலாச்சி நினைவு வந்தது. மறுநாட் கொப்பியை எடுத்து அவனிடம் நீட்டினோம். அவன் வாங்கவில்லை. எம் கையிலேயே வைத்துத் தாள்களை நழுவ விட்டுக் காட்டினான். கதியாலில் இருந்த காகம் தாழ்ந்து, எழுந்து, தாளின் ஓரம் கடந்து மறைந்தது. "நீங்களே வைச்சிருங்கோ, சேர்" என்றான். வைத்திருக்கின்றோம். பின்வரிசையில் இனியும் கொப்பிகள் சரசரக்கும். அவற்றைப் பறித்துப் பூட்டும் இலாச்சிகள் நம் கல்லூரியில் நிறைய உள. அவற்றை விரித்து வைக்க ஒரு மேசையும் இருத்தல் வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி!