வாரத்துக்கு ஒரு நாள் மணி அடிப்போமா?



பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த சத்தம் எது? சாயங்காலம் அடிக்கும் கடைசி மணிதானே! ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். இதை உங்கள் டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள்!

மணி அடித்தால் பாடம் முடியும், விளையாட்டு தொடங்கும். எந்த நல்ல வேலைக்கும் இப்படி ஒரு முடிவு வேண்டும். ஆனால், செல்போனுக்கு மட்டும் மணியே இல்லை. அதற்கும் மணி அடிக்க முடியுமா? சில ஊர்களில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

சைரன் ஊதிய கிராமம்

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சுமார் 3 ஆயிரம் பேர் வாழும் ஊர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று, அங்கே ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது.

மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் இருந்து சைரன் ஒலிக்கும். உடனே டி.வி.யை நிறுத்த வேண்டும். செல்போனைக் கீழே வைக்க வேண்டும். இரவு 8.30 வரை படிக்கலாம், எழுதலாம், வீட்டில் இருப்பவர்களோடு பேசலாம்.

ஏன் இந்த ஏற்பாடு? 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததை உங்கள் அண்ணன், அக்கா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்போது பாடம் செல்போன் வழியாக வந்தது. அதுவரை செல்போனைத் தொடாத பிள்ளைகள் கையிலும் செல்போன் வந்தது. பிறகு பள்ளி திறந்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஆனால், செல்போன் அம்மா அப்பாவிடம் திரும்பவில்லை! பாடத்தில் கவனம் குறைகிறது என்று ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள்.

ஊராட்சித் தலைவர் விஜய் மோகிதே இந்த யோசனையைச் சொன்னபோது, முதலில் ஆண்கள் சிரித்தார்களாம். பிறகு பெண்களைக் கூட்டிப் பேசினார்கள். 'நாங்களும்தான் டி.வி., செல்போன் என்று அதிக நேரம் உட்கார்ந்துவிடுகிறோம்' என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம்தான் கிராம சபை கூடி முடிவெடுத்தது. தொடக்கத்தில் ஊராட்சி ஊழியர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் நினைவூட்டினார்கள்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? 'பிள்ளைகள் மட்டும் நிறுத்துங்கள்' என்று அந்த ஊர் சொல்லவில்லை. பெரியவர்களுக்கும் அதே சைரன்தான்.

வியாழக்கிழமை டி.வி. இல்லாத நாடு

ஒரு கிராமம் ஒன்றரை மணி நேரம் நிறுத்தியது. ஒரு நாடே வாரத்தில் ஒரு நாள் டி.வி. இல்லாமல் இருந்த கதை தெரியுமா? ஐரோப்பாவின் வடமேற்கே, கடலுக்கு நடுவே இருக்கும் குளிர் நாடு ஐஸ்லாந்து. அங்கே 1966ஆம் ஆண்டு அரசுத் தொலைக்காட்சி தொடங்கியது. அதில் வியாழக்கிழமைகளில் எந்த நிகழ்ச்சியும் கிடையாது! பல ஆண்டுகள் ஜூலை மாதம் முழுவதுமே நிகழ்ச்சிகள் இருந்ததில்லை. அது மிகவும் சிறிய நிலையம். ஊழியர்களுக்கும் விடுமுறை வேண்டுமல்லவா?

வியாழக்கிழமை மாலை வந்தால் மக்கள் உறவினர் வீடுகளுக்கும், கூட்டங்களுக்கும் போவார்கள். 'ஐயோ, ஒரு நிகழ்ச்சி போச்சே' என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலும் டி.வி. ஓடாதே!

1986ஆம் ஆண்டு அங்கே தனியார் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டு, 1987 அக்டோபரில், அரசுத் தொலைக்காட்சியும் வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் பட்டாசு வெடித்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அப்படித்தான். எல்லாரும் நிறுத்தும்போது நிறுத்துவது எளிது. ஒருவர் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கும் கை பரபரக்கும்.

ஆஸ்திரேலியா போட்ட சட்டம்

இப்போது அண்மைச் செய்திக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் இயற்றினார்கள். 2025 டிசம்பர் 10 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தை மீறினால் யாருக்குத் தண்டனை? பிள்ளைகளுக்கும் இல்லை; பெற்றோருக்கும் இல்லை. நிறுவனங்களுக்குத்தான் அபராதம். அதுவும் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை!

'பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது' என்று பெரிய நிறுவனங்களிடம் ஓர் அரசு சொல்வது சரிதான் என்பது என் கருத்து. ஆனால், சட்டம் கணக்கை மூடலாம். மூடிய பிறகு கிடைக்கும் நேரத்தை என்ன செய்வது என்று அது சொல்லித் தராது. அதை வீடும் தெருவும்தான் கற்றுத் தர வேண்டும்.

நிறுத்துவது ஏன் கஷ்டம்?

'ஐந்து நிமிடம்தான்' என்று செல்போனை எடுக்கிறோம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது. உடனே 'உனக்கு மன உறுதியே இல்லை' என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். அது பாதிதான் உண்மை.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது 'போதும்' என்று சொல்லச் சொல்ல இலையில் ஜாங்கிரி வைத்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வோம்? சாப்பிட்டுக்கொண்டே இருப்போம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதும், விரலால் தள்ளத் தள்ளப் புதிதாக வந்துகொண்டே இருப்பதும் அப்படித்தான். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கிரிக்கெட்டுக்குக் கடைசி ஓவர் உண்டு. இதற்கு முடிவே கிடையாது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அவ்வளவு விளம்பரம் காட்டலாம். அதில்தான் அவர்களுக்கு வருமானம். அதனால்தான் முடிவே தெரியாதபடி அமைத்திருக்கிறார்கள்.

செல்போன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் படிக்கலாம், வரையலாம், வெளியூரில் இருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால், உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறோம்? 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுக் கிராமப்புறப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம்.

பாட்டி மாட்டிக்கொண்ட கதை

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாள் இரவு, எட்டு வயதுப் பேரனுக்குக் கதை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். 'இதோ வரேன்டா' என்று சொல்லிவிட்டு செல்போனில் சமையல் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... போய்ப் பார்த்தால் குழந்தை தூங்கிவிட்டான்.

மறுநாள் அவன் கையில் செல்போனைப் பார்த்து, "வெச்சுடு, கண்ணு கெட்டுப்போகும்" என்றேன். அவன் சொன்னான்: "பாட்டி, நேத்து நீங்க வெக்கவே இல்லியே?"

எத்தனையோ பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட நான், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். அன்று வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி, ஞாயிற்றுக்கிழமையைத் திரை இல்லாத நாளாக்கினோம். எனக்கும் சேர்த்துத்தான்!

முதல் ஞாயிறு படு மோசம். "போரடிக்குது" என்று பேரன் பதினைந்து தடவை சொல்லியிருப்பான். எனக்கும் கை தானாக அலமாரிப் பக்கம் போனது. மூன்றாவது ஞாயிறு பரணில் இருந்து பல்லாங்குழி இறங்கியது. பேரன் என்னைத் தோற்கடித்தான். இப்போதும் சில ஞாயிறுகளில் தவறிவிடுகிறோம். அடுத்த ஞாயிறு மறுபடி தொடங்குகிறோம்.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்?

1. நாளை நீங்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எல்லாருக்கும் ஒரே விதி.

2. ஒரு நாள் முழுவதும் முடியாவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் தொடங்குங்கள். வட்காவ் கிராமமும் அப்படித்தானே தொடங்கியது?

3. செல்போன்களை எல்லாம் ஒரே இடத்தில் வையுங்கள். மணிக்கு ஒரு தாம்பாளமும் கரண்டியும் போதும். அடிக்கும் வேலை வீட்டின் கடைக்குட்டிக்கு!

4. பள்ளியில் இருந்து செல்போனில் வரும் வீட்டுப்பாடத்தை முதல் நாளே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பக்கத்து வீட்டுத் தோழனையும் தோழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் திரையை மூடினால்தான் நொண்டிக்கும் கில்லிக்கும் ஆள் கிடைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. அப்பா ஆட்டோ ஓட்டுபவராக இருந்தால், அம்மா செவிலியராக இருந்தால், அவர்களுக்குச் செல்போன் வேலைக் கருவி. ஆஸ்பத்திரியில் யாராவது இருந்தாலும் போன் எடுத்துத்தான் ஆக வேண்டும். அவசியமான அழைப்பைப் பேசுவது தப்பில்லை. பேசி முடித்ததும் 'அப்படியே ஒரு வீடியோ' என்று இழுப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

வட்காவ் மக்கள் யாரும் செல்போனை ஆற்றில் போடவில்லை. எப்போது போதும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மணியை வேறு யாரோ அடிக்கிறார்கள். உங்கள் வீட்டு மணியை நீங்களே அடிக்கலாம்.

வரும் ஞாயிறு சாயங்காலம் தொடங்கிப் பாருங்கள், செல்லங்களா. பெரியவர்களில் யாராவது ரகசியமாகச் செல்போனை எடுத்தால், சத்தமாக இன்னொரு தடவை மணி அடியுங்கள். என் பேரனும் அப்படித்தான் செய்கிறான்!