முதலில் மெத்தை, பிறகு பல்டி

1973-ல் வெளிவந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தைப் பார்த்துவிட்டுக் கராத்தே வகுப்பு தேடிப் போனவர்கள் உலகெங்கும் ஏராளம். அந்தப் படத்தில் புரூஸ் லீ பல்டி அடிக்கும் காட்சிகளில் காற்றில் சுழன்றது அவருடைய உடல் அல்ல. அவருக்கு டூப் போட்ட யூன் வா என்ற இளைஞருடையது. இப் மேனிடம் விங் சுன் கற்ற லீயின் கை கால் வேகம் உலகறிந்தது. ஆனால் பல்டி அந்தப் பயிற்சியில் வருவதல்ல. அதற்கென்றே வளர்ந்த ஒருவர் தேவைப்பட்டார்.

யூன் வா, ஹாங்காங்கில் யூ ஜிம் யூன் நடத்திய பீக்கிங் ஓபரா பள்ளியின் மாணவர். ஜாக்கி சான், சம்மோ ஹங், யூன் பியாவ் எல்லாரும் அங்கே ஒன்றாக வளர்ந்தவர்கள்தான். ஜாக்கியைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் பெற்றோர் அங்கே விட்டார்கள். விடிகாலையிலிருந்து இரவு வரை பயிற்சி, தவறினால் பிரம்படி. அந்தப் பிரம்பு இன்று எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அங்கிருந்த படிவரிசை மட்டும் வேண்டும். உருளக் கற்று, வளையக் கற்று, தலைகீழாக நிற்கக் கற்று, கடைசியில்தான் அந்தப் பிள்ளைகள் தரையை விட்டு எழும்பினார்கள். இன்று செல்போனில் ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் பல்டி முயலும் பையனின் கண்ணில் இந்த ஆண்டுகள் படுவதே இல்லை.

பல்டி கற்றுத்தரச் சொன்னால், ‘சண்டைக்கு உதவாத வித்தை, விட்டுத் தள்ளு’ என்பது மாஸ்டர்கள் பலர் சொல்லும் பதில். அதில் பாதி உண்மை. 2010 டிசம்பரில், சிறுவயதிலிருந்தே டேக்வாண்டோ பயின்ற அந்தோணி பெட்டிஸ், கலப்புத் தற்காப்புக் கலைப் (MMA) போட்டியொன்றில் கூண்டின் வேலியில் கால் வைத்து எகிறி எதிராளி பென் ஹெண்டர்சனின் முகத்தில் விட்ட உதை இன்றும் பேசப்படுகிறது. அப்படி ஒன்று அபூர்வமாகவே நடக்கும் என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறோம். அந்த உதையாலும் ஆட்டம் முடியவில்லை. நடுவர்களின் புள்ளிக் கணக்கில்தான் பெட்டிஸ் வென்றார். தெருவில் வம்புக்கு வருபவனிடமிருந்து பல்டி யாரையும் காப்பாற்றாது.

ஆனால் தற்காப்புக்காக மட்டுமா பிள்ளைகள் வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள்? தலைகீழாக இருக்கும்போதும் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று உணர்வதும், நெஞ்சு படபடக்கும்போது செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்வதும் சின்ன விஷயங்கள் அல்ல. பல்டிக்குத் தடை போடும் வகுப்பு, பையனின் ஆசையை அணைப்பதில்லை. மாஸ்டர் இல்லாத இடத்துக்கு அவனை அனுப்பிவைக்கிறது. அதனால்தான் பல்டியை வகுப்புக்குள்ளேயே கற்றுத்தர வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத வகுப்பு அதைத் தொடவே கூடாது.

பின்பல்டியில் கால் தரையை விட்ட கணத்திலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு சுழற்சியைப் புதிதாகச் சேர்க்க வழியில்லை. முழங்காலை மார்போடு இழுத்தால் வேகம் கூடும், உடம்பை விரித்தால் குறையும், அவ்வளவுதான். புதியவர்கள் மேலே எம்ப மறந்து பின்னால் சாய்கிறார்கள். தலையை முன்கூட்டியே பின்னுக்கு வீசுகிறார்கள். உயரம் போய்விடுகிறது. அதைவிட மோசம், நடுவழியில் வரும் பயம். பாதிச் சுற்றில் மனம் மாறி உடம்பை விரித்துவிட்டால் சுழற்சி தளர்ந்து தலையோ கழுத்தோ முதலில் தரையில் மோதும். ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று நம் ஊரில் சொல்வது இந்த நொடிக்கு அப்படியே பொருந்தும். பயிற்சியாளரின் கை இடுப்பருகே இருக்க வேண்டியது இதற்காகத்தான். அந்தக் கை சுற்றை முடித்துக் கொடுக்கும். முடியும் என்று உடம்பு நம்பத் தொடங்கும்.

எலெனா முகினா 1978-ன் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன். கால் முறிவு சரியாக ஆறாத நிலையில், 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது ‘தாமஸ் சால்டோ’ என்ற கரணத்தைப் பயிற்சி செய்தார். உயரம் போதவில்லை. கழுத்து முறிந்து கைகால்கள் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 20. 2006-ல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அந்தக் கரணம் பின்னாளில் பெண்கள் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. உலக சாம்பியனுக்கே நேர்ந்தது இது. சிமென்ட் தரையில் ஒற்றைப் பாயை விரித்து ஆண்டுவிழாவுக்குப் பல்டி பழக்குகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

சுழன்று எகிறும் உதைகளில் ஆபத்து முழங்காலுக்கு. சீனத் தற்காப்புக் கலையான வூஷுவின் வீரர்கள் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி உதைத்து, அப்படியே குதிரை நிலையில் இறங்குவதுண்டு. பாதம் ஊன்றிய பிறகும் உடம்பு திரும்பிக்கொண்டே இருந்தால், அந்த முறுக்கை முழங்கால் தசைநார்கள் தாங்க வேண்டியிருக்கும். வூஷு மதிப்பெண் முறையே இங்கே பாடம் சொல்கிறது. சர்வதேச வூஷு தாவ்லு (தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொடர்) போட்டிகளில் 10 புள்ளிகளில் அசைவின் தரத்துக்கு 5, ஒட்டுமொத்த ஆற்றுகைக்கு 3. தாவல்கள் உள்ளிட்ட கடினமான அசைவுகளுக்கு வெறும் 2. இறங்கும்போது தள்ளாடினாலோ கை ஊன்றினாலோ புள்ளி போகும்.

ஜூடோவில் சேர்ந்தவருக்கு முதல் வகுப்புகளில் விழத்தான் கற்றுத்தருகிறார்கள். நம் கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ வகுப்புகள் பலவற்றில் அதற்கு இடமே இல்லை. கடற்கரை மணலில் பழகினால் அடிபடாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மணல் விழுகையைக் கொஞ்சம் மென்மையாக்கும், சரிதான்; எம்பும் விசையையும் அது விழுங்கிவிடும். உயரம் குறைந்த பல்டிதான் கழுத்தில் போய் முடிகிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பெல்ட் தேர்வுக் கட்டணத்தை விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தடித்த மெத்தை இருக்கிறதா, பல்டிக்குக் கை கொடுக்கத் தெரிந்தவர் யார், பின்பக்கம் உருளவும் கைகளில் நிற்கவும் எத்தனை மாதம் பழக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். மாஸ்டருக்குத் தெரியாவிட்டால் அதை ஒப்புக்கொள்வதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் உள்ள ஊர்களில் வாரம் ஒரு நாள் மாணவர்களை அங்கே அழைத்துப்போகலாம். அது இல்லாத ஊரில் ஆண்டுவிழா மேடைக்கு நல்ல கட்டா (கராத்தே அசைவுத் தொடர்) ஒன்றும், நேராக எகிறி விடும் உதை ஒன்றும் போதும்.