முன்னே பின்னே

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் என் தந்தையார் அதிகம் படிக்காதவர். "இந்த வெட்டுக்கு எவ்வளவு தேறும்?" என்று கேட்டால், "நாப்பது டன்னு வரும், மூணு டன் முன்னே பின்னே இருக்கும்" என்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நானோ, தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.6 என்று வந்ததை அழித்து 9.8 என்று எழுதினேன். எங்கள் இருவரில் அறிவியல் அறிந்தவர் யார்?

நண்பர்களே, கணக்கைப் பாருங்கள். 1 மீட்டர் ஊசலின் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.5 வினாடி. திரும்பத் திரும்ப எடுத்தால் 0.4 வினாடி ஏறி இறங்குகிறது. இது நூற்றுக்கு ஒரு பங்கு பிழை. சூத்திரத்தில் அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இரண்டு பங்காகிறது. ஆக, 9.6, முன்னே பின்னே 0.2. பாடநூலின் 9.8 அதற்குள்ளேயே அடங்கிவிட்டதே! அழிப்பானுக்கு ஏது வேலை?

இந்த 'முன்னே பின்னே'யை வரைபடத்தில் காட்டுவதுதான் பிழைக்கோடு. புள்ளியின் மேலும் கீழும் நீளும் சிறு கோடு அது. டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியின் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். இரண்டும் காசின்றிக் கிடைப்பவை. லேடெக்கில் வரைபடம் போட 'பி.ஜி.எஃப். பிளாட்ஸ்' என்ற தொகுப்பு உண்டு. அளவுகளின் பட்டியலில் மூன்றாவது பத்தியாகப் பிழையை எழுதி, அந்தப் பத்தியின் பெயரைச் சொல்லி, கோடு இரு திசையிலும் வரட்டும் என்று கட்டளையிட வேண்டும். திசையைச் சொல்ல மறந்தால் கோடு வராது. கணினியும் குறை சொல்லாது. படம் அழகாகவே இருக்கும், உண்மைதான் பாதி மறைந்திருக்கும்.

நம் ஆய்வுக் குறிப்பேடுகளும் அப்படித்தான் இருக்கின்றன. முப்பது மாணவர்கள், முப்பது கைகள்; எல்லோருக்கும் 9.8! விடை பொருந்தாவிட்டால் மதிப்பெண் குறையும் என்ற அச்சமே காரணம். இனி ஒவ்வொரு விடையோடும் அதன் பிழையளவையும் எழுதுவது கட்டாயமாகட்டும். அதற்கென இரண்டு மதிப்பெண் ஒதுக்கப்படட்டும். கணினி கிடைக்காதவர்கள் வரைபடத்தாளில் பென்சிலால் அந்தக் கோட்டைப் போடலாம்.

ஆசிரியப் பெருமக்களே, இது எங்கள் பணிவான வேண்டுகோள். மாணவத் தோழர்களே, அழிப்பானைக் கீழே வைப்போம். என் அடுத்த குறிப்பேட்டில் 9.6 என்றே இருக்கும், பக்கத்தில் 0.2 முன்னே பின்னே. அதை என் தந்தையாரிடம் கூசாமல் காட்டுவேன்.