அம்மம்மாவின் மூளையில் ஒரு பறவை

அம்மம்மா விழத் தொடங்கியபோது அவவுக்கு எழுபது வயது. வழுக்கி விழுவதில்லை. நின்ற இடத்தில் மரம் சாய்ந்த மாதிரிப் பின்பக்கமாக விழுவா. சாப்பிடும்போது சோறு மடியில் கொட்டும். படி இறங்கும்போது கால் தடுக்கும். "கீழ பாத்துச் சாப்பிடுங்கோவன் அம்மா" என்று என் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவா. நானும் சொல்லியிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் கோபமாக.

முதலில் பார்க்கின்சன் என்றார்கள். குளிசை போட்டும் பெரிய மாற்றமில்லை. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பெரிய கவருக்குள் படங்களும் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட்டும் தந்தார்கள். படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கனடா மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரிப்போர்ட்டில் 'ஹம்மிங்பேர்ட் சைன்' என்றொரு சொல் மட்டும் கண்ணில் பட்டது. மூளைக்குள் என்ன குருவி?

மூளைப் படம் பார்க்கிறவர்கள் இப்படி நிறையப் பட்டப்பெயர்கள் வைத்திருக்கிறார்கள். மூளையை நடுவால் பிளந்து பக்கவாட்டில் காட்டும் படத்தில், நடுமூளை மெலிந்து போயிருந்தால் அது ஒரு குருவியின் தலையும் நீண்ட அலகும் போலத் தெரியும். அதற்குக் கீழுள்ள பொன்ஸ் என்ற பகுதி குருவியின் உடம்பு. பி.எஸ்.பி. என்ற நோயின் அடையாளம் அது. அதையே பெங்குவின் என்றும் சிலர் சொல்வார்கள். பொன்ஸில் சிலுவை மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பெரிய வெள்ளிக்குச் செய்யும் சிலுவை போட்ட பணிஸ். மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி என்ற நோயில் வரும். உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் வில்சன் நோயில் சிலருக்கு நடுமூளை பண்டாவின் முகம் போலத் தெரியும். அந்த நோய் இளம் வயதிலேயே வரலாம். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

ஆனால் படம் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. நோயின் தொடக்கத்தில் குருவி தெரியாமலே இருக்கலாம். பணிஸ் வேறு நோய்களிலும் வரும். வில்சன் நோய் உள்ள எல்லோருக்கும் பண்டா தெரிவதில்லை. பி.எஸ்.பி.யை 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்செவ்ஸ்கி என்ற மூவர் விவரித்தபோது எம்.ஆர்.ஐ. என்ற ஒன்றே இருக்கவில்லை. ஆட்கள் எப்படி விழுகிறார்கள், கண் எந்தப் பக்கம் அசையவில்லை என்று பார்த்துத்தான் அவர்கள் அதைப் பிடித்தார்கள். இறந்தவர்களின் மூளை பிறகு அதை உறுதிப்படுத்தியது. ஆகவே கூகிளில் படத்தை ஒப்பிட்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

நான் கேட்பது வேறு. அடுத்த கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, பேனாவால் தொட்டுக் காட்டினார். "இதுதான் தலை, இது சொண்டு. இந்த இடம் மெலிஞ்சதாலதான் அம்மாவுக்குக் கண்ணைக் கீழ இறக்கேலாம இருக்கு." இரண்டு நிமிடம்கூட எடுத்திருக்காது. அம்மா அந்தக் கதிரையிலேயே அழுதா. கீழே பார்க்க முடியாத ஒரு மனுசியை, கீழே பார் கீழே பார் என்று இரண்டு வருசம் ஏசியிருக்கிறோம்.

கிளினிக்கில் சனம் நிறைய, நேரமில்லை என்பது உண்மை. சொன்னால் பயப்படுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் விளங்காத ஆங்கிலக் கடதாசி தரும் பயம் அதைவிடப் பெரிது. குருவி, பணிஸ், பண்டா எல்லாம் படிக்கிற மாணவர்களுக்கு ஞாபகத்தில் நிற்க வைத்த பெயர்கள். ஒரு அம்மாவுக்கும் அவை விளங்கும். தமிழில் சொன்னால் இன்னும் நல்லாய் விளங்கும். மருத்துவ பீடங்களில் படிக்கிற எங்கள் வயதுக்காரர் இதை ஒரு பழக்கமாக ஆக்கலாம். மற்ற நாங்கள் வெட்கப்படாமல், "ஒருக்கா படத்தில காட்டுங்கோ டொக்டர்" என்று கேட்கலாம்.

பி.எஸ்.பி.யை நிறுத்த மருந்தில்லை. நாங்கள் செய்தது ஒன்றுதான்: மேசையில் ஒரு பலகை வைத்து, சாப்பாட்டுக் கோப்பையை அம்மம்மாவின் கண்ணுக்கு நேரே உயர்த்தினோம். அதன் பிறகு சோறு கொட்டுவது குறைந்தது. ஏச்சு நின்றே போனது.