மக்கள் வரையும் கடிதங்களை உறுப்பினர் வாசிக்கின்றனரா?

ஊரில் ஒருவன் தமிழாசிரியனாய் இருப்பின் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்றும் அவனை வந்து சேரும். அது பிறர்க்கு மனு எழுதிக் கொடுத்தல். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்து வெளியேறிய நாள் தொட்டு யாமும் இவ்வுத்தியோகத்தைப் பார்த்து வருகின்றோம். காணி உறுதி, ஓய்வூதியம், மின்விளக்கு, மதகு என எமது கையால் எழுதப்பெற்றுப் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் அமைச்சர்க்கும் சென்ற கடிதங்கள் சில நூறு இருக்கும். எழுதுவித்தோர் முத்திரை ஒட்டும்பொழுது தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மாஸ்டர், இதை அவர் வாசிப்பாரோ?" இம்மலரை வாசிப்போருள் மக்கள் பிரதிநிதிகளாய் இருந்தோரும் அவர்தம் கந்தோர்களில் இலிகிதராய்க் கடமை பார்த்தோரும் உளராதலின், அக்கேள்விக்கு எமக்குத் தோன்றிய விடையைக் கூறுதற்கு இதனிலும் ஏற்ற இடம் பிறிதில்லை.

உறுப்பினர் வாசிப்பதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. வாசிப்பவர் வேறொருவர். உறையைக் கிழிப்பவரும், வகைப்படுத்துபவரும், எதனை மேசைக்கு அனுப்புவது எதனை அலுமாரிக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவரும் ஒரு செயலாளரே. இதனைக் குற்றமென்று யாம் கொள்ளோம். ஒரு மாவட்டத்தின் கடிதமனைத்தையும் ஒருவர் தம் கண்ணாலேயே வாசித்தல் ஆகாத காரியம்.

முன்னர் ஒரு வசதி இருந்தது. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கிளிநொச்சி உட்பட யாழ்ப்பாண மாவட்டத்திலே 11 தொகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிற்கும் ஒவ்வோர் உறுப்பினர். கோப்பாயிலே குடியிருப்பவனுக்குத் தன் கடிதம் யாரிடம் போகவேண்டும் என்பதில் ஐயமில்லை. பெற்றவர்க்கும் அதனைத் தட்டிக்கழிக்க வழியில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது; 1989இல் அம்முறைப்படி முதற் பொதுத் தேர்தல் நடந்தது. தொகுதியின் உறுப்பினர் போய் மாவட்டத்தின் உறுப்பினர் வந்தனர். 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு உரியோர் 6 பேர். ஆகவே சனங்கள் ஒரே கடிதத்தை ஆறு பிரதி எடுத்து அறுவர்க்கும் அனுப்புகின்றனர். ஒவ்வொருவரும் மற்றை ஐவருள் ஒருவர் கவனிப்பார் என்றிருக்க இடமேற்படுகின்றது. பங்குக்கிணற்றை இறைக்க ஒருவரும் வராத கதைதான்.

கடிதம் எழுத முகவரியே இல்லாத காலங்களும் இருந்தன. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபொழுது பகிஷ்காரத்தினாற் குடாநாட்டின் 4 தொகுதிகள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின்னரும், 2023 மார்ச் தொடக்கம் 2025 மே வரை உள்ளூராட்சி மன்றங்கள் உறுப்பினரின்றி இருந்தபொழுதும், எம்மிடம் வந்தவர்களுக்கு யாருக்கு எழுதுவது என்று சொல்ல எமக்குத் தெரியவில்லை.

இனி மொழி. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழிற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளலாமென 1958ஆம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளித்தது. அதற்கான பிரமாணங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேற 1966 ஆயிற்று. எட்டு ஆண்டு! பின்னர் 1987, 1988ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் தமிழையும் அரசகரும மொழியாக்கி, தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையையும் தந்தன. எனினும் உறுப்பினர் அமைச்சுக்கு அனுப்பிவைத்த தமிழ்க் கடிதத்திற்கு வந்த சிங்கள மறுமொழியைக் கையிற் பிடித்துக்கொண்டு எமது படலையிலே நின்றோரை யாம் கண்டிருக்கின்றோம். எழுதியவரும் வாசிக்க இயலாத கடிதமாய் அது முடிந்தது.

வாசிக்கப்படுதல் என்பதே போராடிப் பெறவேண்டிய உரிமையாய் இருந்த தேசமும் உண்டு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அடிமை முறைக்கு எதிராக மக்கள் அனுப்பிய மனுக்களை ஆராயாது ஒருபுறம் வைத்துவிட 1836இல் விதி செய்துகொண்டது. முன்னாள் சனாதிபதியாகிய ஜோன் குயின்சி அடம்ஸ் அச்சபையின் சாதாரண உறுப்பினராய் அமர்ந்து, ஓயாது அம்மனுக்களைச் சமர்ப்பித்து வாதாடினார். 1844 டிசெம்பரிலேதான் அவ்விதி நீங்கிற்று. மனுவை வாசியாமல் விடுதற்கு விதி வேண்டுமென்று அவர்கள் கருதினார்களே, அதுவும் ஒரு மரியாதைதான்! எம்மிடையே விதியொன்றுமின்றியே அது நடைபெறுகின்றது.

குற்றம் முழுவதும் உறுப்பினர் பக்கத்ததன்று. இதனை எமக்கு உணர்த்தியவர் எமது ஒழுங்கையின் கோடியிலே வசிக்கும் ஒரு மூதாட்டி. 2018ஆம் ஆண்டு மாரியில் மதகு இடிந்து வெள்ளம் ஒழுங்கையை மூடியது. அவருக்காக உறுப்பினர் ஒருவர்க்குக் கடிதம் வரைந்தோம். பெருமதிப்பிற்கும் பேரன்பிற்குமுரிய என்று தொடங்கி, அன்னாரின் சேவையை வியந்து, திருக்குறள் ஒன்றையும் எடுத்துக்காட்டி, மூன்று பக்கத்தில் நிறைவு செய்தோம். வாசித்துக் காட்டியபொழுது எமக்கே பெருமையாயிருந்தது. எட்டு மாதம் கழிந்தும் ஒரு வரி மறுமொழி இல்லை.

அக்காலத்தில், முன்பு வேறோர் உறுப்பினரின் கந்தோரிலே கடமையாற்றிய எமது பழைய மாணாக்கர் ஒருவரைக் கோயில் வீதியிற் சந்தித்தோம். அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஆர், எந்த இடம், என்ன வேண்டும் என்ற மூன்றும் முதற் பார்வையில் அகப்படாத கடிதத்தை ஆறுதலாய்ப் பார்க்கலாமென்று எடுத்து வைப்பாராம். அவ்வாறுதல் ஒருநாளும் வந்ததில்லையாம். ஒரே வாசகத்தை அச்சடித்து இருநூறு பேர் ஒப்பமிட்டு அனுப்பினால், இருநூறையும் ஒரு கட்டாய்க் கட்டி ஒரு கடிதமாய்க் கணக்கிடுவாராம். பெயரில்லாத பெட்டிசம் நேரே குப்பைக்கூடைக்கு. (அயலவனின் வேலியைப் பற்றியே பாதிப் பெட்டிசம் போடும் ஊர் எமது ஊர், அதனால் அவரை நோவதற்கில்லை.)

வீடு திரும்பி, வைத்திருந்த பிரதியை மூதாட்டிக்கு மீண்டும் வாசித்துக் காட்டினோம். அவர் பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டு, "வடிவாத்தான் எழுதியிருக்கிறியள் மாஸ்டர். ஆனா என்ரை மதகு எந்தப் பக்கத்திலை வருகுது?" என்றார். மூன்றாம் பக்கத்தின் நடுவிலே வந்தது.

இரண்டாவது கடிதத்தை அவர் சொல்ல யாம் எழுதினோம். ஒழுங்கையின் பெயர், மதகு இடிந்த திகதி, அப்பால் உள்ள வீடுகள் 14, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் 9, விழுந்து கை முறிந்த பிள்ளை ஒன்று. ஐந்து வரி. பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாம் வாரம் மறுமொழி வந்தது. இரண்டே வரி, உள்ளூர்ச் சபைக்கு அனுப்பப்பட்ட பிரதி, ஒரு கோவை இலக்கம். அவ்விலக்கத்தோடு அம்மையார் சபைக்கு நான்குமுறை நடந்தார். 2020இல் மதகு கட்டப்பட்டது. உறுப்பினர் அக்கடிதத்தைத் தம் கண்ணாற் கண்டாரோ என்பதை இன்றும் அறியோம். அறியவேண்டிய தேவையும் அம்மையார்க்கு ஏற்படவில்லை.

அதனாலேயே, வாசிக்கின்றாரா என்ற கேள்வியை விட்டு, பதிகின்றாரா என்று கேட்டல் வேண்டுமென்கின்றோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு சபையிலுள்ள தகவல் அலுவலர், விண்ணப்பம் கிடைத்தமைக்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானமும் கூறவேண்டும். பரீட்சை எழுதி உத்தியோகம் பெற்றவரை இவ்வாறு கட்டுப்படுத்தும் நாம், எமது வாக்கினாற் பதவி பெற்றவரை அவர்தம் மனம்போல விட்டிருக்கின்றோம். ஆளணி போதாதென்பர். ஓர் அப்பியாசக் கொப்பியும் திகதி முத்திரையும் இருந்தால் வந்த கடிதத்திற்கு இலக்கமிட்டுப் பதியலாம். இலக்கத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம். இதற்குப் பெரும் பரிவாரம் எதற்கு?

எமது பங்கிற்கு வகுப்பிலே கடிதம் கற்பிக்கும் முறையை மாற்றியுள்ளோம். விளிக்குப்பின் வரும் முதல் வாக்கியத்திலே கருமம் வராவிடிற் புள்ளி குறைக்கின்றோம். பெற்றோர் சிலர் இது மரியாதைக் குறைவென்று முறையிட்டனர். அவர்களுக்கு மதகின் கதையைச் சொன்னோம்.

எமது சங்கத்தவருள் மக்கள் பிரதிநிதிகளாய் உள்ளோரும் இனி ஆவோரும் தத்தம் கந்தோரிலே கடிதப் பதிவேடு ஒன்றை வைத்து, வந்த கடிதம் ஒவ்வொன்றிற்கும் இலக்கமும் திகதியும் இட்டு அறிவித்தல் வேண்டுமென, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே ஒரு தீர்மானத்தைப் பிரேரிக்க எண்ணியுள்ளோம். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும்.