மந்தையில் ஒவ்வோர் ஆடும்



எசேக்கியேல் 34இல் கர்த்தர் மேய்ப்பர்களைக் கடிந்துகொள்ளும்போது ஆடுகளைத் திரளாக எண்ணவில்லை. பலவீனமானது, நசல்கொண்டது, எலும்பு முறிந்தது, துரத்துண்டது, காணாமற்போனது என்று வகுத்துச் சொல்லுகிறார். ஒவ்வொன்றுக்கும் மேய்ப்பன் செய்யவேண்டியது வேறு.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரையோ நாம் ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டோம். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் 2004இல் கூட்டுமருந்து இலவசமாக வழங்கப்படத் தொடங்கிய காலமுதல் மரணபயம் பெரிதும் தணிந்தது. மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்வோரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவினாலும் அது பிறரைத் தொற்றாது. ஆயினும் உபாதைகள் எல்லாம் ஒழிவதில்லை. சிலருக்குச் சோர்வு, உறக்கமின்மை, மனத்துயர் ஆகியவை ஒன்றுசேர்ந்தே வருகின்றன. சிலருக்குப் பாதங்கள் எரிந்து மரத்துப்போகின்றன. இப்படிச் சேர்ந்துவரும் அறிகுறிகளின்படி நோயாளரைக் குழுக்களாக வகுத்துப் பராமரிக்கவேண்டும் என்னும் மருத்துவ ஆய்வாளரின் கருத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இராஜபாளையத்து நூற்பாலையில் இரவுப்பணி செய்பவரின் உறக்கமின்மையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் காலால் மிதித்துத் தறி நெய்பவரின் மரத்த பாதமும் ஒரே மருந்துச்சீட்டில் தீருமா?

அந்த வகுப்பு மருத்துவரின் ஏட்டோடு நிற்கட்டும். ஆலய வாசலுக்கு வரவேண்டாம். நம்பிச் சொன்னவரின் நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டின் சட்டமும் தடைசெய்கிறது. (ஜெபவிண்ணப்பம் என்ற பெயரில் பரப்புவதும் வெளிப்படுத்துவதே.)

துரத்துண்டது என்னும் வகை மட்டும் எந்த மருத்துவ ஏட்டிலும் இராது. அருகிலேயே மருந்து கிடைத்தும், தெரிந்தவர் கண்ணில் படாதிருக்கத் தொலைவூருக்குப் பேருந்து ஏறுவோர் அவ்வகையினர். அவர்களுள் நம் சபையாரும் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் உங்களிடம் மனந்திறந்தால், நோய் எப்படி வந்தது என்று கேளாதிருங்கள். இரவில் உறக்கம் வருகிறதா, கால் எரிகிறதா என்று கேளுங்கள்.