படிவுப் பாறைக்கும் ஷிஸ்டுக்கும் எல்லை எங்கே?

பாறைகள் மூவகைப்படும் என்று பள்ளி மாணவன் கற்கிறான். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என மூன்று கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று பெயர்களை எழுதினால் பாடம் முடிந்துவிடுகிறது. மனப்பாடத்துக்கு இம்முறை வசதியானதே. ஆனால் மலையில் இக்கட்டங்கள் இல்லை. அங்கே ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே செல்கிறது.

களிமண் படிந்து இறுகிய ஷேல் பாறை இதற்குத் தக்க உதாரணமாகும். மலைகள் எழும் காலத்தில் அது ஆழத்தில் புதைந்து, வெப்பத்துக்கும் நெருக்குதலுக்கும் உட்படுகிறது. அது உருகுவதில்லை. திடநிலையிலேயே அதன் கனிமங்கள் நீரை இழந்து புதிய கனிமங்களாகின்றன. நுண்ணிய அப்பிரகத் தகடுகள் நெருக்கும் திசைக்குக் குறுக்கே அணிவகுக்கின்றன. இந்நிலையில் கிடைப்பது ஸ்லேட். தகடுகள் சற்றே வளர்ந்து, பட்டுப் போன்ற மினுமினுப்புத் தோன்றினால் அது பில்லைட். வெப்பம் சுமார் 500 பாகை செண்டிகிரேடை எட்டும்போது அப்பிரகம் கண்ணுக்குப் புலனாகும் அளவு பெருத்து, பெரும்பாலும் கார்னெட் மணிகளும் விளைந்து, பாறை ஷிஸ்டாகிவிடுகிறது. பில்லைட் எங்கே முடிந்தது, ஷிஸ்ட் எங்கே தொடங்கிற்று என்று வினவினால், அனுபவமுள்ள நிலவியலார் இருவர் இரண்டு இடங்களைக் காட்டக்கூடும்.

தோற்றத்தை விடுத்து, புதிதாகத் தலைகாட்டும் கனிமங்களைக் கொண்டு மாற்றத்தின் படிகளை வகுக்கலாம் என்பதை ஜார்ஜ் பாரோ 1893-இல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் காட்டினார். அவரும் பின்வந்தோரும் நிறுவிய வரிசை குளோரைட்டு, பயோட்டைட்டு, கார்னெட், ஸ்டாரோலைட்டு, கயனைட்டு, சில்லிமனைட்டு என்பதாகும்.

இந்தியாவில் இவ்வரிசையை டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் காணலாம், ஆனால் தலைகீழாக! ஆழத்தில்தான் மாற்றம் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர் அங்கே திகைப்பர். தாழ்ந்த சரிவுகளில் டாலிங் வரிசையின் ஸ்லேட்டும் பில்லைட்டும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் கார்னெட் ஷிஸ்ட். டார்ஜிலிங் நகரம் அமர்ந்திருப்பதோ நைஸ் பாறைமீது. சூடான பாறைத் திரள் குளிர்ந்த திரளின்மேல் தள்ளப்பட்டதை இதனோடு தொடர்புபடுத்துகின்றனர். அது நிகழ்ந்த விதம் பற்றிய விவாதம் இன்னும் தீரவில்லை.

இவ்வாராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய் அன்று. பில்லைட்டும் அப்பிரகம் மிகுந்த ஷிஸ்டும் தகட்டுத் தளங்களில் எளிதில் வழுக்குவன. சாலைக்காக வெட்டிய சரிவும் அத்தளங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், மழைநீர் உட்புகும்போது மலைச்சரிவு பெயர்ந்து இறங்குகிறது. 1968 அக்டோபரில் டார்ஜிலிங் மாவட்டத்தில் பெருமழையால் ஏராளமான நிலச்சரிவுகள் நேர்ந்தன. மழையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே மழையில் ஒரு சரிவு நிலைத்து நிற்க, அடுத்தது வீழ்வதற்கு மழையை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

ஆகவே, சாலைக்கோ அணைக்கோ இடம் பார்க்கும் அறிக்கையில் ‘உருமாறிய பாறை’ என்று எழுதி நிறுத்துவது போதாது. மாற்றம் எந்தப் படியிலுள்ளது, தகட்டுத் தளம் எத்திசையில் எத்தனை பாகை சாய்கிறது, பாறை எவ்வளவு ஆழம்வரை சிதைந்துள்ளது என்பனவும் இடம்பெற வேண்டும். கல்லூரியிலும் கண்ணாடிப் பேழைக்குள் பெயர்ச்சீட்டு ஒட்டிய ஒற்றை ஷிஸ்டுத் துண்டைக் காட்டுவதைவிட, ஸ்லேட் முதல் நைஸ் வரை ஒரே மலைப்பாதையில் அடுத்தடுத்து எடுத்த 20 துண்டுகளைப் பெயரிடாமல் மாணவர் முன் வரிசையாக வைக்கலாம். எங்கே கோடு கிழிப்பது என்று அவர்களே வாதிடட்டும்.